நாய்க்கு நகம் வெட்ட வீட்டுக்கு ஆள் வரவழைக்கிறீர்களா? விரலில் ரப்பர் பேண்ட் போட விடாதீர்கள்

செயலியில் பதிவு செய்தால் வீட்டுக்கே வந்து நாயைக் குளிப்பாட்டி, முடி சீவி, நகம் வெட்டிவிட்டுப் போகும் சேவைகள் இப்போது சென்னையில் நிறைய வந்துவிட்டன. அப்படி ஒரு சேவையில் ஒரு கறுப்பு லாப்ரடாருக்கு நடந்ததை இங்கே எழுதுகிறோம். நகத்தில் ரத்தம் வந்தது சின்ன விஷயம். அதற்குப் பிறகு செய்ததுதான் அநியாயம்.

குளியல், காது சுத்தம், நகம் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் என்று பேச்சு. வந்தவர் முன்னங்காலின் உள்பக்கம் தனியாக நிற்கும் கட்டைவிரல் நகத்தை ஒரே வெட்டாக வெட்டினார். சொட்டுச் சொட்டாக ரத்தம். ரத்தத்தை நிறுத்தும் பொடி அவர் பையில் இல்லை. ஸ்பிரிட்டை ஊற்றினார். நாய் எரிச்சலில் துள்ளி ஓட, ஹால் முழுக்க ரத்தக்கறை. பிறகு விரலின் அடியில் ஒரு ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டினார். உள்ளே ரப்பர் பேண்ட் இருப்பதை வீட்டாரிடம் சொல்லவே இல்லை. “நாளைக்குக் காலையில பிரிச்சிடுங்க, ஒண்ணும் ஆகாது” என்றார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. “ரத்தம் நிறைய போயிடுச்சு, எங்க டாக்டரை வரச் சொல்றேன்” என்று பயமுறுத்தினார். மாலையில் ஒருவர் வந்தார். கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை, ஈறு பார்க்கவில்லை. “ரத்தம் நிக்கறதுக்கு” ஓர் ஊசி, “செப்டிக் ஆகாம இருக்க” இன்னோர் ஊசி. 2,800 ரூபாய். வெறும் தாளில் தொகை மட்டும் எழுதியிருந்தது. மருந்தின் பெயர், அளவு, அவருடைய பதிவு எண் எதுவும் இல்லை. ராத்திரி நாய் கட்டை விடாமல் கடித்துக்கொண்டே இருந்ததால் வீட்டார் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். விரல் வீங்கி, தொட்டால் சில்லென்று இருந்தது. ரப்பர் பேண்ட் முடிக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. அன்றே பிரித்ததால் விரல் தப்பியது. நிறுவனத்திடம் கேட்டால், பதிவு செய்யும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் “சிறு கீறல்களுக்குப் பொறுப்பல்ல” என்று இருக்கிறதாம். அடுத்த குளியலுக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள்.

இப்படி ஏமாற்ற முடிவதற்குக் காரணம் ரத்தத்தைப் பார்த்ததும் நமக்கு வரும் பதற்றம். ஒரு டீஸ்பூன் ரத்தம், அதாவது 5 மி.லி., தரையில் சொட்டி நாய் அதன்மேல் நாலு தடவை நடந்தால் வெள்ளை டைல்ஸ் தரை பார்க்கவே பயங்கரமாக இருக்கும். 30 கிலோ நாயின் உடம்பில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஆரோக்கியமான நாய்க்கு ஒரு நகத்தின் வழியாக உயிருக்கு ஆபத்து வரும் அளவுக்கு ரத்தம் போகாது. பூனையும் சின்னக் குட்டிகளும் விஷயம் வேறு. 4 கிலோ பூனைக்கு மொத்த ரத்தமே கால் லிட்டர் அளவுதான், அங்கே கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

நகத்துக்குள் நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த சதை ஒன்று ஓடுகிறது. க்ரூமர்கள், அதாவது குளிப்பாட்டி நகம் வெட்டுகிறவர்கள், அதை ‘குயிக்’ என்பார்கள். வெள்ளை நகத்தில் ரோஸ் நிறத்தில் வெளியிலிருந்தே தெரியும், கறுப்பு நகத்தில் தெரியாது. அதனால் கறுப்பு நகத்தை ஒரே வெட்டாக வெட்டவே கூடாது. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர், அதிகம் போனால் இரண்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் காய்ந்து வெளுத்த மாதிரி இருக்கும். நடுவில் ஒரு கரும்புள்ளியோ ஈரப்பசையான சாம்பல் நிற வட்டமோ தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். கட்டைவிரல் நகம் தரையில் தேயாததால் நீளமாக வளைந்து வளரும், உள்ளே சதையும் கூடவே நீளும். நீண்ட நகத்தை ஒரே நாளில் “குட்டையா” ஆக்கித் தருகிறேன் என்பவர் சதையோடு சேர்த்து வெட்டப்போகிறார் என்றே அர்த்தம். வாரத்துக்கு ஒருமுறையோ பத்து நாளுக்கு ஒருமுறையோ நுனியை மட்டும் எடுத்துக்கொண்டே வந்தால் உள்சதை தானாகப் பின்வாங்கும். மழுங்கிய நகவெட்டி நகத்தை வெட்டாமல் நசுக்கும். ஆழமாகப் போகாவிட்டாலும் நாய்க்கு வலிக்கும், நகம் பிளக்கும். வருபவரின் வெட்டியை முதலில் வாங்கிப் பாருங்கள், துருவும் பழைய முடியும் ஒட்டியிருந்தால் அதைக் கையில் எடுக்கவே விடாதீர்கள்.

சரி, வெட்டுப்பட்டுவிட்டது. என்ன செய்வது?

முதலில் நாயை நடக்க விடாதீர்கள். ஓடினால் இதயத் துடிப்பு ஏறும், கால் தரையில் படும், உறைகிற ரத்தம் பிய்ந்துகொண்டே இருக்கும். ஒருவர் நாயைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சுத்தமான காஸ் துணியையோ துவைத்த கைக்குட்டையையோ மடித்து நகத்தின் நுனியில் நேராக அழுத்த வேண்டும். விரலைச் சுற்றி இறுக்கிப் பிரயோஜனம் இல்லை, அழுத்தம் வெட்டுப்பட்ட முகத்தில் விழ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 5 நிமிடம். நடுவில் “நின்னுடுச்சா” என்று எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அப்போதுதான் உருவாகிய உறைவு துணியோடு பிய்ந்து வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். துணி நனைந்தாலும் எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். வலியில் இருக்கிற நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால், சந்தேகம் இருந்தால் துப்பட்டாவால் வாயைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். மூச்சிரைக்கிற நாய்க்கும் பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கும் வாயைக் கட்டக் கூடாது.

அழுத்தியும் கசிந்தால் படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும், சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே அதேதான். மாவுபோல நுணுக்கி ஒரு மூடியில் அரை டீஸ்பூன் போட்டு, நகத்தின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நுனியைப் பொடிக்குள் அழுத்தி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடியுங்கள். லேசாகத் தூவினால் வருகிற ரத்தம் பொடியை அடித்துக்கொண்டு போய்விடும், அடைக்கும்படி அழுத்த வேண்டும். கொஞ்சம் எரியும், நாய் காலை இழுக்கும், பிடியை விடாதீர்கள். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் ரத்தம் நிறுத்தும் பொடி இன்னும் வேகமாக வேலை செய்யும். அதில் இருப்பது இரும்பு உப்பு, பட்ட இடம் கறுத்துப்போவது சகஜம். எதுவும் இல்லையென்றால் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்), அதுவும் இல்லையென்றால் காய்ந்த குளியல் சோப்புக் கட்டியில் நகத்தை அழுத்தி ஓட்டையை அடைத்துவிடலாம். இவையெல்லாம் நகத்துக்கு மட்டும். தோல் கிழிந்த காயத்திலோ கண், வாய் பக்கமோ இந்தப் பொடிகளைப் போடக் கூடாது.

ரத்தம் நின்ற பிறகு அரை மணி நேரமாவது படுக்கையிலேயே இருக்கட்டும். அன்று குளியல் வேண்டாம், ஈரத்தரை வேண்டாம், மாடிப்படி வேண்டாம், நடை வெறும் சிறுநீர் கழிக்கும் அளவுக்கு. நக்கிக்கொண்டே இருந்தால் உறைவு கரையும், கழுத்தில் கூம்பு மாட்டிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சதையை எரித்து உறைவையும் குலைக்கும். டெட்டால் பூனைக்கு விஷம், நாயும் அதை நக்கும், இரண்டுக்குமே வேண்டாம். நம் வீட்டுப் பழக்கத்தில் காபித்தூளை அப்புவார்கள். காஃபின் நாய்க்கு ஆகாது, தூள் சுத்தமானதும் இல்லை. வலிக்கிறதே என்று நம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதையே தடுக்கும், ஐபுப்ரோஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

ரப்பர் பேண்ட், நூல், முடி கட்டும் பேண்ட் எதுவாக இருந்தாலும் விரலில் கட்டவே கூடாது. ரத்தம் நின்றுவிடுகிறது என்பது உண்மைதான், நகத்துக்கு மட்டுமில்லாமல் முழு விரலுக்கும் நின்றுவிடுகிறது. முதலில் வீக்கம் வரும், வீங்க வீங்க பேண்ட் இன்னும் இறுகும், சில மணி நேரத்தில் விரல் சில்லிடும். அப்படியே விட்டால் சதை செத்து விரலை எடுக்க வேண்டி வரும். முடி அடர்ந்த நாய்களில் அது தோலுக்குள் அறுத்து இறங்கிய பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். கட்டு போட்டே ஆக வேண்டும் என்றால் தளர்வாக, உள்ளே ஒரு விரல் நுழையும்படி, நடு இரண்டு விரல்களின் நுனி வெளியே தெரியும்படி போட வேண்டும். அந்த நுனிகள் விரிந்துகொண்டாலோ சில்லிட்டாலோ உடனே பிரியுங்கள். வெளியாள் போட்ட கட்டு எதுவானாலும் அவர் கிளம்புவதற்கு முன் உள்ளே என்ன வைத்தார் என்று கேட்டு, பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இனி அந்த ஊசி. மருந்தின் பெயர் இல்லாத தாளை வைத்து அது என்னவென்று சொல்ல முடியாது. இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாகப் போடுகிறவற்றில் ஒன்று வைட்டமின் கே. அது வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும், கல்லீரல் புதிதாக உறைவுப் பொருட்களை உண்டாக்க வேண்டும். நகத்து ரத்தமோ அழுத்தினால் பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும். தானாக நின்றதற்கு ஊசிக்குப் பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

இதில் நிஜமான ஆபத்து ஒன்று மறைந்திருக்கிறது. சரியாக அழுத்தி, பொடி வைத்தும் 20 நிமிடத்துக்கு மேல் ரத்தம் நிற்கவில்லை என்றால் கோளாறு நகத்தில் இல்லாமல் ரத்தத்தில் இருக்கலாம். நம் ஊரில் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடியால் பரவும் எர்லிக்கியா கிருமி, ரத்தத்தை உறையவைக்கும் ப்ளேட்லெட்டுகளைக் குறைத்துவிடும். ஈறிலும் வயிற்றுத் தோலிலும் ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம், சோர்வு, சாப்பாட்டில் நாட்டமின்மை இருந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. அடுத்தது எலி மருந்து. புரோமாடியோலோன் கலந்த எலி கேக்கை நாய் தின்றால் அன்றே ஒன்றும் தெரியாது, மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ரத்தம் நிற்காமல் போகும். வைட்டமின் கே உண்மையில் உயிர் காப்பது இங்கேதான், அதுவும் வாரக்கணக்கில் தொடர்ந்து கொடுத்தால். டாபர்மேன் வளர்ப்பவர்கள், பரம்பரையாக வரும் ரத்தம் உறையாக் குறைபாடு அந்த இனத்தில் சகஜம் என்பதை நினைவில் வையுங்கள். ரப்பர் பேண்ட் போட்டு ரத்தத்தை மறைத்துவிட்டால் ரத்தம் நிற்கவில்லை என்ற இந்த அறிகுறி வெளியே தெரியாமல் போய்விடும்.

ஈறைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேல் உதட்டைத் தூக்கி, ரோஸ் நிற ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானாலோ ஈறே வெளிறியிருந்தாலோ யாருடைய வீடியோ காலுக்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நகம் பாதி பிய்ந்து தொங்கினாலும் அப்படித்தான். அதைப் பிடுங்கிவிடுகிறேன் என்று க்ரூமர் கை வைக்கக் கூடாது, மரத்துப்போகச் செய்துதான் எடுக்க வேண்டும். ஞாயிறு மாலையில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்று இன்றைக்கே போன் போட்டுக் கேட்டு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

க்ரூமருக்கு ஊசி போட உரிமை கிடையாது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். “டாக்டர்” என்று வருபவரிடம் ஊசியைத் தொடும் முன்பே பதிவு எண்ணைக் கேளுங்கள். நிஜ மருத்துவர் கோபப்பட மாட்டார், சீட்டிலேயே அச்சாகியிருக்கும். மருந்துக் குப்பியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் பெயரும் அளவும் எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படி ஏமாந்தவர்கள் கூப்பனை வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டாம். நிபந்தனையில் ஒரு வரி சேர்த்துவிட்டால் கவனக்குறைவுக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. கட்டோடும் கட்டைப் பிரித்த பிறகும் எடுத்த படங்கள், பிரித்தெடுத்த ரப்பர் பேண்ட், பணம் செலுத்திய விவரம், அடுத்த நாள் பார்த்த மருத்துவரின் எழுத்துபூர்வமான சீட்டு, இவற்றை வைத்துக்கொண்டு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.