ஸ்காஃபோல்டா, டில்ட்டா? சேவ் அழுத்தியதும் கிளஸ்டருக்குக் கொண்டுசேர்க்கும் இரண்டு கருவிகள்

கோடில் ஒரு வரியை மாற்றுகிறீர்கள். அது குபெர்னெடிஸில் (பல மெஷின்கள் சேர்ந்த கிளஸ்டரில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) ஓடுவதைப் பார்க்க இமேஜைக் (கோடும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய பொதி) கட்ட வேண்டும், டேக் போட வேண்டும், இமேஜ்களின் கிடங்கான ரெஜிஸ்ட்ரிக்கு புஷ் செய்ய வேண்டும், எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் மானிஃபெஸ்டில் டேகை மாற்றி அப்ளை செய்ய வேண்டும், பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) எழும்வரை காத்திருந்து போர்ட் ஃபார்வர்டும் போட வேண்டும். ஒரு வரிக்கு இத்தனை வேலை. இதைத் தானாகச் செய்துகொடுக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவிகளில் முதலில் பார்க்க வேண்டியவை ஸ்காஃபோல்டும் டில்ட்டும். ஸ்காஃபோல்ட் 2018-ல் கூகுள் வெளியிட்டது. டில்ட்டை உருவாக்கிய நிறுவனத்தை 2022-ல் டாக்கர் வாங்கியது. கருவி ஓப்பன் சோர்ஸாகவே தொடர்கிறது. இரண்டும் கோ மொழியில் எழுதப்பட்டவை, இரண்டுக்கும் அப்பாச்சி 2.0 உரிமம்.

வசதிப் பட்டியலை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இரண்டு பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான். சேவ் அழுத்தியதும் முழு இமேஜும் மறுபடி கட்டப்படுகிறதா, மாறிய ஃபைல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள் போகிறதா? ஏதாவது உடைந்தால் எங்கே உடைந்தது என்பது எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால் போதும், உங்கள் குழுவுக்கு எது ஒத்துவரும் என்று தெரிந்துவிடும்.

ஸ்காஃபோல்ட்

தொடங்குவது சுலபம். குபெக்டில் (குபெர்னெடிஸுக்கான கட்டளைக் கருவி), டாக்கர், கைண்ட் (உங்கள் மெஷினிலேயே கிளஸ்டரை ஓட்டும் கருவி) மூன்றும் இருக்கும் மெஷினில் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் 'ஸ்காஃபோல்ட் இனிட்' கொடுத்தால், அங்கே இருக்கும் டாக்கர்ஃபைல்களையும் மானிஃபெஸ்ட்களையும் தேடி ஒரு யாமல் ஃபைலை எழுதித் தருகிறது. பிறகு 'ஸ்காஃபோல்ட் டெவ்'. முதல் தடவையே ஓடிவிட்டால் மகிழ்ச்சி. ஓடாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இமேஜ் பெயரை. யாமலின் ஆர்ட்டிஃபேக்ட் பகுதியில் இருக்கும் பெயரும் மானிஃபெஸ்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்காஃபோல்ட் இமேஜை ஒழுங்காகக் கட்டும். மானிஃபெஸ்டில் மட்டும் அதை நுழைக்காது. கட்டிய இமேஜ் எங்கும் பயன்படவில்லை என்று ஒரு வரி எச்சரிக்கை வரும், லாக் வெள்ளத்தில் அது கண்ணில் படாது. கிளஸ்டரோ ரெஜிஸ்ட்ரியிலிருந்து பழைய இமேஜை எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கும். ஹெல்ம் சார்ட் (மானிஃபெஸ்ட்களை டெம்ப்ளேட்டாக வைக்கும் பொதி) வைத்திருப்பவர்களுக்கு இதிலேயே இன்னொரு சிக்கல்: ரெப்போ, டேக் மதிப்புகளை நிரப்பும் டெம்ப்ளேட் மாறிகளில் இமேஜ் பெயரிலுள்ள சாய்வுகோடும் இடைக்கோடும் அடிக்கோடாக மாறிவிடும். பெயரை அப்படியே எழுதினால் மதிப்பு நிரம்பாது.

கிளஸ்டர் உங்கள் மெஷினிலேயே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைக் கான்டெக்ஸ்ட் (எந்தக் கிளஸ்டரோடு பேச வேண்டும் என்று குறிக்கும் அமைப்பு) பெயரை வைத்துத்தான் ஸ்காஃபோல்ட் ஊகிக்கிறது. 'கைண்ட்-' என்று தொடங்கினால் புஷ் செய்யாமல் இமேஜை நேராக நோடுக்குள் (கிளஸ்டரின் மெஷின்) ஏற்றிவிடும். அழகுக்காகக் கான்டெக்ஸ்ட் பெயரை மாற்றி வைத்திருந்தால் அதை வெளிக் கிளஸ்டர் என்று நினைத்து டாக்கர் ஹப்புக்கு புஷ் செய்யப் போகும். அனுமதி மறுப்புப் பிழையோடு திரும்பி வரும். பெயரை மாற்றாமல் விடுவதே நல்லது.

முதல் டிப்ளாய் தோற்றால் ஸ்காஃபோல்ட் டெவ் மோடை விட்டே வெளியேறிவிடும். போகும்போது ஏற்றியவற்றையும் துடைத்துவிட்டுப் போகும். விழுந்த பாடை விவரித்துப் பார்க்கக்கூட எதுவும் மிச்சமிருக்காது. புதிதாக வருபவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கீப்-ரன்னிங்-ஆன்-ஃபெய்லியர் ஃபிளாக் கொடுத்தால் நின்று காத்திருக்கும். டேட்டாபேஸ் எழும்வரை ஏபிஐ இரண்டு மூன்று தடவை விழுந்து எழுவது சகஜம். ஸ்காஃபோல்டுக்கு அதுவும் தோல்விதான். அதற்கு டாலரேட்-ஃபெய்லியர்ஸ்-அன்டில்-டெட்லைன் ஃபிளாக் இருக்கிறது. அந்த டெட்லைன் இயல்பாக 10 நிமிடம்.

கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் இதே கதைதான்: ஏற்றியதையெல்லாம் அழித்துவிட்டு வெளியேறும். மானிஃபெஸ்டில் வால்யூம் கிளெய்மைத் (டேட்டாவுக்கான சேமிப்பிடக் கோரிக்கை) தனி ரிசோர்ஸாக எழுதியிருந்தால் டெஸ்ட் டேட்டாவும் அதோடு போச்சு. ஸ்டேட்ஃபுல்செட்டின் டெம்ப்ளேட் வழியாக வந்த கிளெய்ம் மட்டும் தப்பிக்கும். கிளீனப்பை அணைக்கலாம், அதைவிட டேட்டாபேஸைத் தனி மாட்யூலாகப் பிரித்து ஒரே ஒரு தடவை 'ஸ்காஃபோல்ட் ரன்' கொடுத்துவிடுவது நிம்மதி.

இதைவிடப் பெரிய ஆபத்து கான்டெக்ஸ்டில் இருக்கிறது. அந்த நேரத்தில் எந்தக் கான்டெக்ஸ்ட் தேர்வாகியிருக்கிறதோ அதிலேயே ஸ்காஃபோல்ட் ஏற்றும். காலையில் ஸ்டேஜிங்கை எட்டிப்பார்த்துவிட்டுக் கான்டெக்ஸ்டைத் திருப்பாமல் விட்டால், எல்லோரும் பயன்படுத்தும் கிளஸ்டரில் ஏற்றி, கன்ட்ரோல்-சியில் அழித்தும் விடும். யாமலின் டிப்ளாய் பகுதியில் குபெகான்டெக்ஸ்ட் என்ற ஒரு வரியைச் சேர்த்துக் கட்டிப்போடுங்கள். முதல் நாளே.

மாறிய ஃபைலை மட்டும் கன்டெய்னருக்குள் அனுப்பும் ஃபைல் சிங்க்கில் மூன்று வகை உண்டு: எந்த ஃபைல் எங்கே போக வேண்டும் என்று நாமே சொல்வது, டாக்கர்ஃபைலின் காப்பி வரிகளிலிருந்து அதுவாக ஊகிப்பது, டாக்கர்ஃபைல் இல்லாமலே இமேஜ் கட்டும் பில்ட்பேக்கும் ஜிப்பும் பயன்படுத்துவோருக்குத் தானியங்கி. வேலை செய்யாவிட்டால் காரணம் பெரும்பாலும் கன்டெய்னருக்குள் இருக்கும். சிங்க் நடப்பது டார் கட்டளை மூலம். ஷெல் போன்ற கருவிகளை நீக்கிய டிஸ்ட்ரோலெஸ் இமேஜில் டார் கிடையாது. கன்டெய்னர் ஓடும் யூசருக்கு அந்த ஃபோல்டரில் எழுத உரிமை இல்லையென்றாலும் போகாது. டாக்கர்ஃபைலில் காப்பி வரியிலேயே ஓனரை மாற்றிவிட வேண்டும். ஒரே சேவில் மாறிய ஃபைல்களில் ஒன்று சிங்க் விதிக்கு வெளியே இருந்தாலும் முழு இமேஜும் திரும்பக் கட்டப்படும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: ஃபைல் உள்ளே போகும், ப்ராசஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. நோட்மான், யூவிகார்னின் ரீலோட் போன்ற ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் ஸ்காஃபோல்டை ஒதுக்க முடியாததற்குக் காரணம் சிஐ, அதாவது கோடைத் தானாகக் கட்டி டெஸ்ட் செய்யும் பைப்லைன். டெவலப்பர் மெஷினில் ஓடிய அதே யாமல், ப்ரொஃபைலை மட்டும் மாற்றினால் பைப்லைனிலும் ஓடும். 'ஸ்காஃபோல்ட் பில்ட்' கட்டிய இமேஜ்களின் பட்டியலை ஒரு ஜேசன் ஃபைலில் எழுதித் தரும். பின்னால் வரும் ஸ்டெப்பில் 'ஸ்காஃபோல்ட் டிப்ளாய்' அதே ஃபைலை வாங்கி, டெஸ்ட் செய்த அதே இமேஜை ஏற்றும். 'ரெண்டர்' கொடுத்தால் முடிந்த மானிஃபெஸ்டை கிட்ஆப்ஸ் (கிட்டில் இருப்பதை வைத்தே கிளஸ்டரை நடத்தும் முறை) ரெப்போவில் போட்டுக்கொள்ளலாம். 'ஸ்காஃபோல்ட் டீபக்' கட்டளையும் அருமை: கோவுக்கு டெல்வ், பைத்தானுக்கு டீபக்பை என்று மொழிக்கேற்ற டீபகரை அதுவே கன்டெய்னருக்குள் வைத்து, போர்ட்டையும் திறந்துவிடும். பிரேக்பாயின்ட்டில் நிற்கும்போது ஹெல்த் சோதனை பாடைக் கொன்றுவிடாமல் அந்த டைம்அவுட்களையும் தளர்த்திவிடும்.

டில்ட்

டில்ட்டில் யாமலுக்குப் பதில் டில்ட்ஃபைல். பைத்தானைப் போலவே இருக்கும் ஸ்டார்லார்க் மொழியில் எழுத வேண்டும். இருபது சர்வீஸை ஒரு ஃபார் லூப்பில் முடித்துவிடலாம். இஃப் போட்டு ஒரு பகுதியை மட்டும் ஏற்றலாம். 'டில்ட் அப்' கொடுத்து லோக்கல்ஹோஸ்ட் 10350 போர்ட்டைப் பிரவுசரில் திறந்தால் ஒவ்வொரு சர்வீஸும் ஒரு வரியாக நிற்கும். எது சிவப்பு என்று பார்த்து அழுத்தினால் அதன் பில்ட் லாகும் பாட் லாகும் ஒரே இடத்தில் இருக்கும். சர்வீஸ் எண்ணிக்கை கூடக்கூட இந்த ஒரு திரைக்காகவே டில்ட் என்று சொல்லிவிடலாம். ஸ்காஃபோல்டில் எல்லா லாகும் ஒரே டெர்மினலில் கலந்து ஓடும். பத்துச் சர்வீஸுக்கு மேல் போனால் தேட முடியாது.

பாதுகாப்பிலும் டில்ட் ஒரு படி மேல். லோக்கல் கிளஸ்டர் அல்லாத எதிலும் ஏற்ற மறுத்துவிடும். டில்ட்ஃபைலில் அந்தக் கான்டெக்ஸ்ட் பெயரைச் சொல்லி அனுமதித்தால்தான் உண்டு. கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் எதையும் அழிக்காது, அழிக்க 'டில்ட் டவுன்' என்று தனியே கேட்க வேண்டும்.

இமேஜைக் கட்டாமலே ஓடும் கன்டெய்னரைப் புதுப்பிக்கும் லைவ் அப்டேட்தான் இதன் உயிர். கோ போன்ற கம்பைல் மொழிக்கு இப்படி அமைக்கலாம்: கம்பைலை லோக்கல் ரிசோர்ஸாக வைத்து உங்கள் மெஷினிலேயே செய்துகொள்ளுங்கள்; அதற்கான கட்டளையில் சிகோ எனேபிள்ட் 0 (சி நூலகங்களைச் சாராமல் கட்ட), கோஓஎஸ் லினக்ஸ் (லினக்ஸுக்காகக் கட்ட) என்று கொடுங்கள். டாக்கர்ஃபைல் அந்த பைனரியைக் காப்பி செய்தால் போதும். லைவ் அப்டேட்டில் பைனரியை மட்டும் சிங்க் செய்து, ரீஸ்டார்ட் ப்ராசஸ் எக்ஸ்டென்ஷனால் ப்ராசஸைத் திருப்பி எழுப்புங்கள். இமேஜ் கட்டும் வேலையே இருக்காது. சிகோவை அணைக்க மறந்துவிட்டு பேஸ் இமேஜ் ஆல்பைனாகவும் இருந்தால், பைனரி கண்ணெதிரே இருக்கும்போதே 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று பிழை வரும். இல்லாதது பைனரி அல்ல, அது தேடும் ஜிலிப்சி (சி நூலகம்) லிங்கர். 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' வந்தால் ஆர்க்கிடெக்சர் மாறிவிட்டது. ஆர்ம் லேப்டாப்பில் கட்டி ஏஎம்டி64 நோடில் ஓட்டினால் இதுதான் நடக்கும்.

ஸ்டெப்களின் வரிசையும் முக்கியம். முழு பில்டுக்குத் திரும்ப வைக்கும் விதிகள் முதலில், பிறகு சிங்க், அதன் பிறகே ரன். சிங்க் செய்யும் ஃபோல்டர் டாக்கர் பில்டின் கான்டெக்ஸ்டுக்குள் (இமேஜ் கட்ட டாக்கர் எடுத்துக்கொள்ளும் ஃபோல்டர்; கிளஸ்டர் கான்டெக்ஸ்ட் அல்ல) இருந்தாக வேண்டும்.

ஸ்காஃபோல்டில் காணாத ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. சிங்க் செய்த ஃபைல் ஓடும் கன்டெய்னரில் மட்டும்தான் இருக்கிறது, இமேஜில் இல்லை. மெமரி தீர்ந்து கன்டெய்னர் விழுந்து எழுந்தால் பழைய கோடு ஓட ஆரம்பிக்கும். சரிசெய்துவிட்ட பக் எப்படித் திரும்ப வந்தது என்று ஆள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். கன்டெய்னர் மாறியதை டில்ட் கண்டுபிடித்து, பழைய கோடே ஓடிக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொள்ளும்.

குறைகள் இல்லாமல் இல்லை. எதற்குப் பிறகு எது எழ வேண்டும் என்று சொல்லும் ரிசோர்ஸ் டெப்ஸ் முதல் தடவை எழுப்பும் வரிசையை மட்டுமே பார்க்கும். பிறகு டேட்டாபேஸ் விழுந்தாலும் ஏபிஐயை அது தொடாது. ஹெல்ம் என்ற ஃபங்ஷன் உள்ளே டெம்ப்ளேட் கட்டளையைத்தான் ஓட்டுகிறது. அதனால் சார்ட்டில் மைக்ரேஷனை (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் வேலை) ஹுக்காக (நிறுவும்போது குறித்த கட்டத்தில் ஓடுவது) எழுதியிருந்தால் அது ஹுக்காக ஓடாது, ஹெல்ம் ரிசோர்ஸ் எக்ஸ்டென்ஷனுக்கு மாற வேண்டும். 'டில்ட் சிஐ' கட்டளை டெஸ்ட் ஓட்டப் போதும். ப்ரொடக்ஷன் வரை கொண்டுபோக டில்ட் உங்களுக்கு உதவாது.

இரண்டுக்கும் பொதுவான தொல்லைகள்

டாக்கர்இக்னோர் ஃபைலில் கிட் ஃபோல்டரும் நோட் மாட்யூல்ஸும் இல்லையென்றால் ஒவ்வொரு பில்டும் இழுக்கும், கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. லினக்ஸில் 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' வந்தால் ஐநோட்டிஃபை (ஃபைல் மாற்றங்களைக் கவனிக்கும் லினக்ஸ் வசதி) எல்லையை உயர்த்துங்கள்: வாட்ச் 524288, இன்ஸ்டன்ஸ் 512, கைண்ட் ஆவணமே சொல்லும் எண்கள் இவை. நீங்களே கைண்டில் ஏற்றிய இமேஜுக்கு லேட்டஸ்ட் டேக் வைத்தால், குபெர்னெடிஸ் அதற்கு எப்போதும் ரெஜிஸ்ட்ரியிலிருந்தே இழுக்கப் பார்க்கும், இமேஜை இழுக்க முடியவில்லை என்னும் இமேஜ்புல்பேக்ஆஃப்தான் மிச்சம். அங்கே புல் பாலிசியை இஃப்நாட்பிரசன்ட் ஆக்குங்கள்.

கைண்டில் இமேஜ் ஏற்றுவதே மெதுவான வேலை. ஒரு லேயர் மாறினாலும் முழு இமேஜையும் நோடுக்குக் கொண்டுபோகும். பழையவை நோடுக்குள்ளேயே சேர்ந்து டிஸ்க் நிரம்பி, ஒரு நாள் பாட்கள் எவிக்ட் ஆகத் (நோடிலிருந்து வெளியேற்றப்பட) தொடங்கும். உங்கள் மெஷினின் டாக்கரைத்தான் இந்தக் கருவிகள் சுத்தம் செய்கின்றன, நோடைத் தொடுவதில்லை. கிளஸ்டரோடு ஒரு லோக்கல் ரெஜிஸ்ட்ரியும் வைத்துக்கொண்டால் மாறிய லேயர் மட்டும் போகும். டில்ட் குழுவின் சிடிஎல்பிடிஎல் என்ற கருவி இரண்டையும் ஒரே கட்டளையில் எழுப்பித் தரும். அந்த ரெஜிஸ்ட்ரியை டில்ட் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

எதை எடுப்பது?

நான்கைந்து சர்வீஸ், சிஐயும் அதே யாமலில் ஓட வேண்டும் என்றால் ஸ்காஃபோல்ட். பத்துக்கு மேல் சர்வீஸ், பல மொழிகள், குழுவில் பாதிப்பேருக்கு குபெர்னெடிஸ் பழக்கமில்லை என்றால் யோசிக்காமல் டில்ட். இரண்டையும் ஒரே ரெப்போவில் வைத்திருப்போரும் உண்டு, டெவலப்பருக்கு டில்ட், பைப்லைனுக்கு ஸ்காஃபோல்ட் என்று; இமேஜ் பெயர்களை இரண்டு இடத்திலும் ஒன்றாகக் காப்பாற்ற யாராவது பொறுப்பேற்றால்தான் அது நிலைக்கும்.

கன்டெய்னருக்குள்ளேயே உட்கார்ந்து கோடு எழுத விரும்புவோருக்கு டெவ்ஸ்பேஸ். பாடை ஒரு டெவ் இமேஜால் மாற்றி, டெர்மினலைத் திறந்து, ஃபைல்களை இரு திசையிலும் சிங்க் செய்யும். உள்ளே உருவான லாக் ஃபைலும் மைக்ரேஷன் ஃபைலும் உங்கள் லேப்டாப்புக்கே திரும்ப வரும். மொத்த சிஸ்டமும் லேப்டாப்பில் அடங்காது, ஒரே ஒரு சர்வீஸைத்தான் தொடப்போகிறீர்கள் என்றால் டெலிபிரசன்ஸ். கிளஸ்டருக்கு வரும் டிராஃபிக்கை அது உங்கள் மெஷினில் ஓடும் ப்ராசஸுக்குத் திருப்பிவிடும். கிளஸ்டரில் டிராஃபிக் மேனேஜரை நிறுவ அனுமதி வேண்டும். லேப்டாப்பில் ரூட் உரிமையோடு டிஎன்எஸ்ஸையும் நெட்வொர்க் வழித்தடங்களையும் அது மாற்றுவதால் ஆபீஸ் விபிஎன்னோடு மோதுவதும் உண்டு. இரண்டின் ஐபி வரம்புகளும் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றனவா என்பதை நிறுவுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.