சுருக்கமா, விளக்கமா? இரண்டு புகாரும் ஒன்றாக வந்தால்

எழுதியதைப் படித்த ஒருவர் "நீளம், வெட்டுங்கள்" என்கிறார். இன்னொருவர் அதே பத்தியைக் காட்டி "புரியவில்லை" என்கிறார். பழைய இலக்கண நூலான நன்னூலும் கைகொடுக்காது: ஒரு நூலுக்கு அது சொல்லும் பத்து அழகில் முதலிரண்டு சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும், பத்துக் குற்றத்தில் முதலிரண்டு குன்றக் கூறலும் (வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது) மிகைபடக் கூறலும் (வேண்டியதைவிடக் கூட்டிச் சொல்வது).

உழைப்பு
சுருக்கம்: எழுதியபின் வெட்டவும் நேரம் வேண்டும்.
விளக்கம்: வாசிப்பவரின் நேரத்தைத் தின்னும்.

வரும் விமர்சனம்
சுருக்கம்: "ஏன்?", "எப்படி?" என்று குறிப்பான கேள்விகள். ஒரு வரி சேர்த்தால் தீரும்.
விளக்கம்: "சலிப்பு". எந்த வரி சலித்தது என்று பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

திருத்தம்
சுருக்கம்: "சாப்பாட்டுக்கு முன்" என்பதை "சாப்பிட அரை மணி நேரம் முன்" ஆக்கினால் குழப்பம் போகும்.
விளக்கம்: "செய்யப்பட வேண்டியது அவசியமான ஒன்றாகும்" என்பது "செய்ய வேண்டும்" ஆனால் எதுவும் குறையாது.

"நீளம்" என்ற புகாரை நான் அப்படியே நம்புவதில்லை. முக்கியமான வரி நான்காம் பத்தியில் கிடக்கும். மேலே கொண்டுவந்தால் பல நேரம் நீளமே உறுத்தாது. "புரியவில்லை" என்றால் மட்டும் மறுபேச்சில்லை. வாதாடிப் பார்த்திருக்கிறேன், ஒருமுறையும் ஜெயித்ததில்லை.

அறிவிப்பு, மின்னஞ்சல், விஷயம் தெரிந்த வாசகர்: சுருக்கம். செய்முறை, புதியவர், தவறாகப் புரிந்தால் இழப்பு வரும் இடம்: விளக்கம். ஒரே பத்திக்கு இரண்டு புகாரும் வந்தால், அதில் இரண்டு கருத்துகள் சிக்கியிருக்கின்றனவா பாருங்கள். பிரித்து எழுதி, அதே இருவரிடம் மறுபடி காட்டுங்கள்.