யுனிவர்சல் டிராவல் அடாப்டர்: பின் மாறும், வோல்ட் மாறாது

ஆறு மாதம் ஒரு நாடு, ஆறு மாதம் இன்னொரு நாடு என்று இருப்பவர்கள் பெட்டியில் தவறாமல் கிடக்கும் சாமான் இது. பக்கவாட்டு லீவரைத் தள்ளினால் அமெரிக்கத் தட்டைப் பின், ஐரோப்பிய உருண்டைப் பின், பிரிட்டன் செவ்வகப் பின் ஒவ்வொன்றாக வெளியே வரும். இந்த வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வோல்ட்டை இது தொடவே தொடாது, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் கவலை இல்லை. ‘120 வோல்ட்’ மட்டும் போட்ட ஹேர் டிரையரை 230 வோல்ட்டில் செருகினால் அது இழுக்கும் வாட்ஸ் மூன்றரை மடங்குக்கு மேல் எகிறும். அப்புறம் புகைதான். திரும்பிப் போகும்போது கதை தலைகீழ்: 230 வோல்ட்டுக்குச் செய்த 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ், 120-இல் சுமார் 270 வாட்ஸ்தான் எடுக்கும். துணி கதகதப்பாகும், சுருக்கம் அப்படியே இருக்கும்.

ஃப்யூஸையும் பாருங்கள். 8 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1840 வாட்ஸ் வரைதான் தாங்கும், 110-இல் வெறும் 880. போனால் மாற்றக்கூடிய ஃப்யூஸ் உள்ள மாடலாக வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் அடாப்டரையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

இந்த வகையில் பெரிய குறை எர்த். பல மாடல்களில் மூன்றாவது பின் வெறும் பிளாஸ்டிக்; பிரிட்டன் சாக்கெட்டின் துளைகளை உள்ளே மூடியிருக்கும் ஷட்டரைத் திறக்க மட்டும் உதவும். அதனால்தான் உலோக உடம்புள்ள லேப்டாப்பைத் தடவினால் விரலில் லேசாகச் சுறுசுறு என்கிறது. சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டரிலிருந்து கசியும் சொற்ப கரண்டுக்கு எர்த்தில் இறங்க வழியில்லை. எர்த் கேட்கும் சாதனத்தை இதில் மாட்டவே கூடாது.

கனமான சார்ஜரைத் தொங்கவிட்டால் சாக்கெட்டில் லூஸ் கான்டாக்ட் ஆகிச் சூடேறும். யு.எஸ்.பி. துளைகள் பரவாயில்லை, எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் மெதுவாக ஏறும்.

ஒரு வாரப் பயணத்துக்கு இது போதும். மாதக்கணக்கில் தங்கினால், லேப்டாப் சார்ஜரிலிருந்து கழற்றும் ஒயரை மட்டும் போகிற நாட்டுப் பிளக்கோடு வாங்கிக்கொள்ளுங்கள். மறுமுனை எட்டு வடிவமா, மூன்று துளையா என்று பார்த்து வாங்க வேண்டும்.