மனித மனத்தை வசப்படுத்தக் கற்றுத் தருவதாகச் சொல்லும் வகுப்புகளில் பணம் கட்டும் முன்

பிறரின் தாக்கத்தால் மனிதர்களின் எண்ணமும் நடத்தையும் எப்படி மாறுகின்றன என்பதை ஆராயும் சமூக உளவியலைத் தமிழில் கற்பித்துச் சான்றிதழும் தருவதாக விளம்பரம் செய்யும் இணையவழிப் பயிற்சி நிறுவனம் ஒன்றில் 18,000 ரூபாய் கட்டிப் படித்தேன். இதேபோன்ற விளம்பரங்களைப் பார்த்துச் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் ஓர் இலவச வகுப்பு, அடுத்து 99 ரூபாய்க்கு ஒரு பயிலரங்கு, அதன் முடிவில் முழுக் கட்டணம் என்று படிப்படியாக அழைத்துச் செல்வார்கள். கட்டணப் பக்கத்தில் குறைந்துகொண்டே வரும் கடிகாரம், பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஓடும். 'இன்னும் 2 இடங்களே உள்ளன' என்ற வாட்ஸ்அப் செய்தி, வகுப்புகள் தொடங்கிய பிறகும் வந்துகொண்டிருந்தது. சிறிய வேண்டுகோளுக்கு இணங்கியவர் பெரிய வேண்டுகோளுக்கும் எளிதில் இணங்குவார் என்பதை ஃப்ரீட்மேன், ஃப்ரேசர் என்ற உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் ஆராய்ந்து 1966இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வும் பாடத்திட்டத்தில் இருந்தது என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பொய்யான அவசரத்தைக் காட்டி விற்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன.

விற்ற முறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கற்பித்த பொருள்தான் மோசம். கூட்டம் சொல்வதை மனிதன் ஏற்றே தீருவான் என்பதற்குச் உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனையைச் சான்று காட்டினார்கள். உண்மையில், ஆய்வாளர் ஏற்பாடு செய்த கூட்டம் வேண்டுமென்றே தவறான விடை சொன்ன சுற்றுகளில், பங்கேற்றவர்கள் தந்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கூட்டத்தின் தவறான விடையோடு ஒத்துப்போனது. பங்கேற்றவர்களில் சுமார் கால் பங்கினர் ஒரு முறைகூட இணங்கவில்லை. உடனிருப்பவர்களில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் இணக்கம் வெகுவாகக் குறைந்தது. ஆய்வாளரின் கட்டளைக்கு இணங்கி இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாகப் பங்கேற்றவர்களை நம்பவைத்து ஸ்டான்லி மில்கிராம் நடத்தி 1963இல் வெளியிட்ட ஆய்வில், 40 பேரில் 26 பேர் உச்ச அளவான 450 வோல்ட் வரை சென்றதைப் பெரிதாகக் காட்டிய பயிற்றுநர், உடனிருந்த இருவர் மறுத்துவிட்ட மற்றொரு வடிவத்தில் 40 பேரில் 4 பேரே இறுதிவரை சென்றார்கள் என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மனிதர்கள் எப்போது இணங்குகிறார்கள், எப்போது மறுக்கிறார்கள் என்பதே இத்துறையின் உயிர்நாடி. அதில் பாதியை வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தை வசிய வித்தையாக விற்கிறார்கள்.

1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்த சிறைச் சோதனையில், காவலராக இருந்தவர்களைக் கடுமையாக நடந்துகொள்ளத் தூண்டியதற்கான ஒலிப்பதிவு வெளிவந்து ஆண்டுகள் ஆகியும், காவலர் வேடமே அவர்களைத் தானாகக் கொடூரமாக்கியது என்ற பழைய கதையையே படமாகப் போட்டுக் காட்டினார்கள். பேச்சின் தாக்கத்தில் சொற்களுக்கு 7 சதவீதமே பங்கு என்றார்கள். அது உணர்வையும் விருப்பு வெறுப்பையும் வெளிப்படுத்தும் பேச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்று அந்தக் கணக்கைத் தந்த உளவியலாளர் மெஹ்ராபியனே விளக்கியிருக்கிறார். உளவியலில் 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்து, அவற்றில் 36 சதவீதத்தில் மட்டுமே புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவு கிடைத்ததாக 2015இல் வெளியான அறிக்கை ஒரு வரியில்கூட இடம்பெறவில்லை.

இவற்றை வகுப்புக் குழுவில் கேட்டபோது, 'எதிர்மறை எண்ணம் உள்ளவர்களால் கற்க முடியாது' என்ற பதில் வந்தது; பிறகு குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, முதல் காணொளியைத் திறந்தாலே அந்த உரிமை போய்விடும் என்றார்கள். இந்த நிபந்தனை கட்டணம் செலுத்துவதற்கு முன் எங்கும் காட்டப்படவில்லை.

ஆகவே சேர விரும்புபவர்கள் பாடத்திட்டத்தையும் பயிற்றுநரின் கல்வித்தகுதியையும் பணம் திரும்பத் தரும் விதியையும் மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள்; தொலைபேசியில் தரும் உறுதி எதற்கும் உதவாது. அடிப்படையை அறிவதுதான் நோக்கம் என்றால், மத்திய அரசின் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டியின் 12ஆம் வகுப்பு உளவியல் பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் கட்டண ரசீதையும் கடிகாரம் ஓடும் பக்கத்தின் திரைப்பிடிப்பையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதியலாம். என் புகாரையும் அங்கேதான் பதிந்திருக்கிறேன். நிறுவனம் இன்னும் பதில் அளிக்கவில்லை.