இருங்காட்டுக்கோட்டையில் பிரேக் பிடிக்கப் பழகினேன்

பதினைந்து ஆண்டுகளாகக் கிளிநொச்சியில் வாடகை வான் ஓட்டுகிறேன். சென்னையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தான்தான் என்னைக் கார் ஓட்டும் ஒருநாள் பயிற்சியில் சேர்த்துவிட்டார். இடம், 1990 இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதை. ஒரு சுற்று 3.7 கிலோமீற்றர். கட்டணம் என் வானின் ஒரு மாத லீசிங் தவணைக்குக் கிட்ட வந்தது. அத்தனையும் தகும்.

முதல் அரைமணி நேரம் கார் நகரவே இல்லை. இருக்கையில் முதுகை ஒட்டி உட்கார்ந்து கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படவேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் சற்று மடிந்திருக்கவேண்டும். இத்தனை காலமும் நான் ஒரு சாண் பின்னால் இருந்தே ஓட்டியிருக்கிறேன்.

பிறகு தண்ணீர் ஊற்றிய தார்ப்பரப்புக்குக் கூட்டிப்போனார்கள். பிரேக் மிதிக்கும்போது சில்லுகள் இறுகிவிடாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பை நிறுத்திவைத்த கார். பிரேக்கை அழுத்தி மிதித்து ஸ்டியரிங்கை முழுதாக வெட்டினேன். சில்லுகள் இறுகி, கார் நேரே வழுக்கிக்கொண்டு போனது. "காலைத் தளர்த்துங்கள் அண்ணா" என்றான் பக்கத்திலிருந்த பயிற்றுநர்ப் பையன். தளர்த்திய கணமே காரின் மூக்கு திரும்பியது. அடுத்து ஏ.பி.எஸ். உள்ள கார். பாதத்தின் கீழ் மிதி படபடவென்று துடிக்க, பழக்கதோஷத்தில் காலை எடுத்தேன். "இதில் எடுக்கவே கூடாது, மிதித்தபடியே திருப்புங்கள்" என்றான். என் பழைய வானுக்கு ஏ.பி.எஸ். இல்லை. ஆகவே இரண்டையும் உடம்பு அறிந்துகொண்டது பெரிய காரியம்.

40 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்து, நின்ற இடத்தில் ஒரு கூம்பு வைத்தோம். 80 இல் அதே கோட்டில் மிதித்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் தாண்டித்தான் கார் நின்றது. இறங்கி அந்தத் தூரத்தை நடந்து பார்த்தேன். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையே இரவில் காப்பெட் வீதியின் சூட்டுக்குப் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள் கண்ணுக்குள் வந்தன. வானில் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றுகிறவன் நான்.

குறையும் உண்டு. ஒரு காருக்கு எட்டுப் பேர். வெயிலில் காத்திருந்த நேரமே அதிகம். வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. இரவு ஓட்டம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்கள் ஏ9 வீதியில் விளக்கில்லாமல் போகும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் வருகிறவனுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

அடுத்த முறை மருமகனையும் கூட்டிப்போகிறேன். அவனுடைய இருக்கையை இப்போதே முன்னுக்கு இழுத்துவிட்டேன்.