பெயரில்லாத "உண்ணிப் பட்டை" வாங்கிப் பெட்டியில் தொங்கவிடாதீர்கள்

இந்தியத் தேனீப் பெட்டி ஐந்து வாங்கிய புதியவர் ஒருவரிடம், "இதையும் வைங்க, இல்லேன்னா உண்ணி வந்து மொத்தக் கூட்டமும் போயிடும்" என்று விற்றவரே ஒரு பொட்டலத்தையும் தலையில் கட்டியிருக்கிறார். பிரித்தால், அட்டைப்பெட்டியிலிருந்து கத்தரித்த விரல் அகலப் பட்டைகள். எண்ணெய்ப் பிசுக்கு, வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் நெடி. மருந்தின் பெயர் இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை. பெட்டிக்கு நான்கு தொங்கவிட வேண்டுமாம், திரும்ப எடுக்கவே வேண்டாமாம். மூன்றாம் வாரத்தில் இரண்டு கூட்டம் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிட்டது. மீதி மூன்றிலும் புழு செத்துக்கொண்டிருந்தது. கேட்டதற்கு வந்த பதில்: "பட்டையை லேட்டா வச்சிருக்கீங்க."

மருந்து போலியா என்பது இருக்கட்டும். அந்தப் பெட்டிகளுக்கு அது தேவையே இல்லை. தேனீயின் மேல் ஒட்டி வாழும் வரோவா என்ற உண்ணி ஆதியிலிருந்தே இந்தியத் தேனீயோடு வாழ்ந்து வருவது. இந்தத் தேனீ உண்ணியைக் கடித்து உதறும்; பணித்தேனீப் புழு வளரும் அறையில் உண்ணி புகுந்தால் அதைத் திறந்து புழுவோடு வெளியே தள்ளும். ஆண் தேனீ அறைகளில்தான் உண்ணிக்குப் பெருக வழி கிடைக்கிறது. அதனால் கூட்டத்தைக் கவிழ்க்கும் அளவுக்கு அது வளர்வது அபூர்வம். தாங்க முடியாமல் விழுவது இத்தாலியத் தேனீ.

அந்த மூன்று பெட்டிகளில் புழுக்கள் மூடி திறந்த அறைக்குள் தலையைத் தூக்கியபடி மல்லாந்து கிடந்தன. இடுக்கியால் தூக்கினால் தண்ணீர் கட்டிய பைபோலத் தொங்கும். இது தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய், 1991-92 வாக்கில் தென்னிந்தியாவின் பெட்டிகளைத் துடைத்துப்போட்ட அதே நோய். இதற்கு மருந்து கிடையாது. ராணியைக் கூண்டில் அடைத்துச் சில வாரம் முட்டையை நிறுத்துவது, நோய் கண்ட அடை உள்ள மரச்சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாமல் இருப்பது, நோயைத் தாங்கி நின்ற கூட்டத்திலிருந்து ராணி எடுப்பது, இவ்வளவுதான் வழி. நோயோடு விற்ற பெட்டி செத்தால் பழி, அதை வாங்கியவர் மேல் விழட்டும் என்பதற்கே அந்தப் பட்டை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. பணம் கொடுக்குமுன் நடுச் சட்டம் இரண்டைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

இத்தாலியத் தேனீ வைத்திருப்பவருக்கு உண்ணி நிஜமான எதிரிதான். ஆனாலும் எத்தனை உண்ணி என்று எண்ணிப் பார்க்காமல் மருந்து வாங்கக் கூடாது. புழு உள்ள சட்டத்தில் ராணி இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, சுமார் 120 மி.லி. அளவு தேனீயை (ஏறத்தாழ 300) வலைமூடி போட்ட பாட்டிலில் தட்டுங்கள். இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை போட்டு உருட்டி, இரண்டு நிமிடம் விட்டு, வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் குலுக்குங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து செம்பழுப்பு உண்ணி தெரியும். ஒன்பதோ அதற்கு மேலோ இருந்தால் மருந்து வேண்டும். தேனீக்களைத் திரும்பப் பெட்டியில் விட்டுவிடலாம். மழைநாளில் செய்யாதீர்கள், சர்க்கரை கட்டிதட்டிக் கணக்கு குறைந்து வரும். மலைத்தேனீயிடமிருந்து வரும் டிராபிலேலாப்ஸ் என்ற இன்னொரு உண்ணி இதில் சரியாக அகப்படாது, அது பெரும்பாலும் புழு அறைக்குள்ளேயே இருக்கும். சட்டத்தை வெள்ளைத் தட்டின் மேல் ஓங்கித் தட்டினால் கீழே விழுந்து விறுவிறுவென்று ஓடும்.

முறையாகத் தயாரித்த, ஃப்ளூவாலினேட் என்ற உண்ணி மருந்துப் பட்டை என்றால், பத்துச் சட்டம் நிறையத் தேனீ உள்ள, புழு வளரும் கீழ்ப்பெட்டிக்கு இரண்டு. மேலே உள்ள தேன் பெட்டியை எடுத்துவிட்டு வைத்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் கட்டாயம் வெளியே எடுக்க வேண்டும். "அப்படியே இருக்கட்டும்" என்று விட்டால் மருந்து மெழுகில் இறங்கும். குறைந்த அளவிலேயே பழகிய உண்ணி அதற்கு அசையாது.

உண்ணியைக் கொல்லும் ஆக்ஸாலிக் அமிலப் பொடியை "ஒரே தடவை போதும்" என்று விற்பவரையும் நம்பாதீர்கள். ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று காய்ச்சிய பாகில், லிட்டருக்கு 35 கிராம். சட்ட இடைவெளிக்கு 5 மி.லி., பெட்டிக்கு 50 மி.லி.க்கு மேல் கூடாது. அளவு சரியானாலும் மூடிய புழு அறைக்குள் அது போகாது, நம் ஊரிலோ வருஷம் முழுக்கப் புழு இருக்கும். ராணியை 24 நாள் அடைத்து, ஆண் தேனீ வரை எல்லாம் வெளிவந்தபின் அந்தப் பாகை விட்டால்தான் பலன்.

ரப்பர் தோட்டப் பக்கம் உண்ணிக்கு ஃபார்மிக் ஆசிட் என்று கேனில் தருவார்கள், ரப்பர் பால் உறையவைக்கும் அதே சரக்கு. நல்ல 85 சதவீத ஆசிட் என்றால் மூடியைத் தளர்த்திய உடனே நெடி கண்ணைக் கரிக்கும். நெடியே இல்லையென்றால் அது மலிவான சல்ஃப்யூரிக்காக இருக்கலாம். அது ஆவியாகாது, உண்ணி சாகாது, உங்கள் கைதான் வெந்துபோகும். நல்ல சரக்காகவே இருந்தாலும் பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டும் நாளில் வைக்காதீர்கள். ஆவி ஒரேயடியாகக் கிளம்பி முதலில் சாவது ராணியாக இருக்கும்.