ஐசிடி-10-சிஎம் அச்சுப் புத்தகம்: வாங்கலாமா?

வாங்கலாம். அமெரிக்காவில் நோய்களுக்குப் போடும் குறியீடுகளின், அதாவது கோடுகளின், புத்தகம் இது. மெடிக்கல் கோடிங் வேலைக்கு வர நினைப்பவர்கள் ஒரு தடவையாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து. புத்தகம் கனம், விலை அதிகம், வருஷா வருஷம் பழசாகிவிடும். அதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். திருச்சியில் நர்சிங் படித்து, சென்னையில் கோடராகச் சேர்ந்து, இப்போது ஆடிட்டராக இருக்கிறேன். மற்றவர்கள் போட்ட கோடுகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. புத்தகத்தில் பழகி வந்தவருக்கும் சாஃப்ட்வேரில் மட்டும் பழகி வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் சார்ட்டை, அதாவது நோயாளியின் மருத்துவக் குறிப்பைத், திறந்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் டாக்டர் எழுதும் குறிப்பைப் படித்து, அதிலுள்ள ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோடைப் போடுவது எங்கள் தொழில். இன்சூரன்ஸ் பணம் தருவதும் மறுப்பதும் அந்தக் கோடை வைத்துத்தான். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம். மொத்தம் 70,000க்கும் மேற்பட்ட கோடுகள். அவ்வளவும் இந்த ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. முன்பக்கம் விதிமுறைகள், அடுத்து அகரவரிசை இன்டெக்ஸ், பிறகு கோடுகளின் வரிசையில் அமைந்த டேபுலர் லிஸ்ட். இன்டெக்ஸில் தேடி, டேபுலரில் உறுதி செய்ய வேண்டும். இன்டெக்ஸோடு நிறுத்திக்கொண்டு கோடு போடக் கூடாது.

புத்தகத்தின் உண்மையான பலன் எங்கே தெரியும் என்பதற்கு ஒரு சார்ட்டைச் சொல்கிறேன். நோயாளிக்கு டைப் 2 சுகர், பிபி, கிட்னி பாதிப்பு ஸ்டேஜ் 3பி, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். டாக்டர் இவற்றை வரிசையாக எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். ஃபிரெஷர் என்ன செய்வார்? சுகருக்கு இ11.9, பிபிக்கு ஐ10, கிட்னிக்கு என்18.32 என்று தனித்தனியாகப் போட்டுவிட்டுப் போவார். மூன்றும் புத்தகத்தில் இருக்கும் கோடுகள்தான், ஆனால் இந்த நோயாளிக்கு முதல் இரண்டும் தப்பு. சுகரும் கிட்னி நோயும் ஒரே ஆளுக்கு இருந்தால், வேறு காரணம் என்று டாக்டர் சொல்லாதவரை, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. பிபிக்கும் அப்படியே. ஆக இ11.22, ஐ12.9, என்18.32, இன்சுலினுக்கு இசட்79.4 என்று வர வேண்டும்.

இதைப் புத்தகம் எப்படிக் கற்றுத்தருகிறது என்று பாருங்கள். இன்டெக்ஸில் டயாபடிஸ் என்ற சொல்லுக்குக் கீழே ‘வித்’ (உடன்) என்று ஒரு வரி, அதன் கீழே கண், கிட்னி, நரம்பு, கால் புண் என்று நீளமான பட்டியல். கை வைத்துத் தேடும்போது அந்தப் பட்டியல் முழுவதும் கண்ணில் படும். டேபுலரில் இ11.22ஐத் திறந்தால் பக்கத்திலேயே இ11.21, இ11.29 நிற்கின்றன. எது ஏன் வேறு என்று மனசு தானாகக் கேட்கும். கிட்னியின் ஸ்டேஜுக்கு இன்னொரு கோடு சேர்க்கச் சொல்லும் குறிப்பும் அங்கேயே இருக்கிறது. கோடு தேடித் தரும் என்கோடர் சாஃப்ட்வேரில் சொல்லைத் தட்டினால் ஒரு விடை வந்து நிற்கும். வேகம் உண்டு, மறுக்கவில்லை. புரொடக்‌ஷனில் எல்லாரும் அன்றாடம் அதில்தான் வேலை செய்கிறோம், நானும் அப்படித்தான். ஆனால் அந்த விடைக்கு அக்கம்பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரியாமலே அடுத்த சார்ட்டுக்குப் போய்விடுவோம். தெருவே தெரியாமல் வீட்டு நம்பரை மட்டும் மனப்பாடம் செய்வது போன்றது அது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மருந்துகளின் அட்டவணை. ஒவ்வொரு மருந்துக்கும் ஆறு கட்டங்கள்: தவறுதலாக விஷமானது, தானே செய்துகொண்டது, பிறர் செய்தது, எப்படி என்று தெரியாதது, சரியாகச் சாப்பிட்டும் வந்த பக்கவிளைவு, சொன்ன அளவைவிடக் குறைத்துச் சாப்பிட்டது. கடைசிக் கட்டத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. இன்சுலின் விலை கட்டுப்படியாகாமல் அளவைக் குறைத்துக்கொண்டு, சுகர் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். டாக்டர் அதைக் குறிப்பில் எழுதியிருந்தால், ஏறின சுகருக்கு உரிய கோடு முதலில், பிறகு இன்சுலினைக் குறைத்து எடுத்துக்கொண்டதற்கான டி38.3எக்ஸ்6ஏ, அதோடு பணக்கஷ்டத்தால் மருந்தைக் குறைத்துக்கொண்டார் என்பதற்கென்றே இருக்கும் இசட்91.120. இதை விட்டுவிட்டால் அந்த மனிதர் ஏன் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. இந்த வேலையை வெறும் டேட்டா என்ட்ரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், அதற்கு இந்தப் பக்கம்தான் காரணம்.

முன்பக்க விதிமுறைகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவுட்பேஷன்ட் (அட்மிட் ஆகாத நோயாளி) சார்ட்டில் ‘மாரடைப்பாக இருக்கலாம்’ என்று டாக்டர் எழுதியிருந்தால் மாரடைப்புக் கோடு போடக் கூடாது, நெஞ்சுவலிக்குத்தான் போட வேண்டும். மாறிப் போட்டால் வராத நோய் அவர் ரெக்கார்டில் ஏறிவிடும். இந்தப் பகுதி அமெரிக்க அரசுத் தளங்களில் இலவசமாகவும் கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. தாள் ரொம்ப மெல்லிசு. ஹைலைட்டர் போட்டால் மறுபக்கம் ஊறும், பென்சில்தான் நல்லது. இன்டெக்ஸ் எழுத்து பொடிசு. பெரிய குறை, குறிப்புகள் சிதறிக் கிடப்பது. பிபி தொகுதியின் தலைப்பிலேயே, புகையிலைப் பழக்கம் இருந்தால் அதற்கும் கோடு சேர் என்று இருக்கிறது. ஐ12, ஐ13 என்று உள்ளே போனவர் கண்ணுக்கு அது படாது, பின்னோக்கிப் புரட்ட வேண்டும். முன்கை எலும்பு முறிவுக்குக் கோடின் ஏழாவது எழுத்து மட்டும் 16 விதம். அவற்றைச் சொல்லும் பெட்டி எஸ்52இன் தலைப்பில் ஒரு தடவை வருகிறது, நாம் தேடும் கோடோ பல பக்கம் தள்ளி. அந்த மாதிரி இடங்களில் பக்க ஓரத்தில் டேப் (அடையாளச் சீட்டு) ஒட்டிக்கொள்வதுதான் வழி. டேப் ஒட்டின புத்தகம் ஒட்டாததைவிட இரண்டு மடங்கு பயன் தரும்.

விலையும் ஒரு பாரம். இறக்குமதிப் புத்தகம், பல ஆயிரம் ரூபாய் ஆகும். நான் முதல் தடவை ஆன்லைனில் வாங்கியபோது விற்றவர் முந்தைய வருஷப் பதிப்பை அனுப்பிவிட்டு, ‘கோடெல்லாம் ஒன்றுதான்’ என்றார். ஒன்றில்லை. ஒவ்வொரு அக்டோபர் 1ஆம் தேதியும் கோடுகள் சேரும், நீங்கும், திருத்தப்படும். மேலே சொன்ன என்18.32 கூட 2020 அக்டோபரில் வந்ததுதான். அதற்கு முன் ஸ்டேஜ் 3க்கு ஏ, பி என்று தனித்தனிக் கோடே கிடையாது. அட்டையில் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

கோடர்களுக்கான சான்றிதழ்த் தேர்வான சிபிசி எழுதுபவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. 100 கேள்விகள், 4 மணி நேரம், தேற 70 சதவீதம். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். திறந்து வைக்கலாம் என்பதால் லேசு என்று நினைக்க வேண்டாம், ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிஷம்கூட இல்லை. பக்கம் கைக்குப் பழகியிருக்க வேண்டும். சிகிச்சைமுறைகளுக்கான சிபிடி புத்தகமும், மருத்துவச் சாதனங்கள், மருந்துகள் போன்றவற்றுக்கான ஹெச்சிபிசிஎஸ் புத்தகமும் தனியாக வாங்க வேண்டும். சிபிடியின் உரிமை அமெரிக்க மருத்துவச் சங்கத்துடையது, ஐசிடி மாதிரி இலவசமாகக் கிடைக்காது. ஒரு புத்தகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தேர்வுக்கு முதலில் சிபிடியை வாங்குங்கள் என்பேன்.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எம்ஆர்டியில் (மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில்) வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் புத்தகம் வேண்டாம். இங்கே புழக்கத்தில் இருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10, அது வேறு. கோடுகள் பெரும்பாலும் நாலு எழுத்தோடு முடியும். அந்த நிறுவனத்தின் ஐசிடி-11 இணையத்தில் இலவசமாக இருக்கிறது, தேடும் வசதியும் நன்றாக இருக்கிறது. சித்தா, ஆயுர்வேதம், யுனானி நோய்ப்பெயர்களுக்கான ஐசிடி-11 பகுதி 2024 ஜனவரியில் டெல்லியில் வெளியிடப்பட்டது. சித்த மருத்துவம் படித்தவர்கள் அதைப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது.

கற்றுக்கொள்ள மட்டும் என்றால் சீனியர் யாரிடமாவது போன வருஷப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். இன்டெக்ஸில் தேடும் பழக்கத்துக்கு அது தாராளமாகப் போதும். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் கடையில் கிடக்கும் பழைய பதிப்புக்கு முழு விலை கொடுக்காதீர்கள். 2026 என்று அட்டையில் போட்டிருக்கும் பதிப்பு 2025 அக்டோபர் 1 முதல் 2026 செப்டம்பர் 30 வரைதான் செல்லும். தேர்வுத் தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த ஆண்டுப் பதிப்பை ஆர்டர் பண்ணுங்கள். வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம்.